நாலு சீட்டு

“எழுபத்திரண்டில் நான் போட்டது நாலு சீட்டு” என்றார் எங்கள் அக்கம்பக்கத்து ஃபிஜித் தாத்தா. கையில் சீட்டுக்கட்டு இருந்ததால் ரம்மிக் கதை ஏதோ வருகிறது என்றுதான் நினைத்தேன். அவரோடு பேசும்போது இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு. என் மனைவியிடம் ஃபிஜி இந்தியில் பேசுவார், என்னிடம் ஆங்கிலத்தில். நடுநடுவே தன்னிடம் மிச்சமிருக்கும் இருபது இருபத்தைந்து தமிழ்ச் சொற்களில் ஒன்றை எடுத்து வைப்பார். குந்து, சோறு, தண்ணி, சீட்டு, அப்புறம் இங்கே எழுத முடியாத ஒரு வசவு. அந்த வசவைத்தான் மிகச் சுத்தமாக உச்சரிப்பார். அவருடைய தாத்தா மெட்ராஸில் கப்பல் ஏறியவர். எந்த ஊர்க்காரர், என்ன வயதில் போனார் என்பதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாது. குடும்பப் பெயரும் வசவும் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

நாங்கள் ஆக்லாந்தில் பாப்பட்டோயிட்டோய் பக்கம் குடிவந்தபோது முதலில் கதவைத் தட்டியவர் இவர்தான், ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கோடு. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் வீட்டு வராந்தாவில் சீட்டு. அப்படி ஒரு மதியம்தான் எதற்கோ தேர்தல் பேச்சு வந்து, நாலு சீட்டு என்றார். விளையாட்டுச் சீட்டு இல்லை, வாக்குச்சீட்டு. 1972 ஏப்ரலில், சுதந்திர ஃபிஜியின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில், பா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தன் வாழ்நாளின் முதல் ஓட்டைப் போட்டிருக்கிறார். முதல் ஓட்டு என்று ஒருமையில் சொல்வதே தப்பு, முதல் நாலு ஓட்டு. ஓட்டுரிமைக்கு அப்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும். அவருக்கு 22.

நான் நம்பவில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு நாலு ஓட்டு? அன்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தவன், அடுத்த சில மாதங்களுக்கு அந்த நாட்டை விட்டு வெளியே வரவில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஃபிஜி பிரிட்டிஷார் கைக்குப் போனது 1874 அக்டோபர் 10. சுதந்திரம் கிடைத்தது 1970 அக்டோபர் 10. சரியாக 96 வருடம், அதே தேதி. இந்த 96 வருடத்தில் கரும்புத் தோட்டத்துக்காக 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துச் சொச்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். ‘அக்ரிமெண்ட்’ என்ற சொல் வாயில் உடைந்து ‘கிர்மிட்’ ஆனது. ஆரம்பத்தில் எல்லாம் கல்கத்தா கப்பல்கள், 1903 முதல் மெட்ராஸ் கப்பல்களும். சுதந்திரம் வரும் சமயத்தில் மக்கள்தொகையில் பாதி இந்திய வம்சாவளி. மண்ணின் மக்களான ஃபிஜியர்கள் அதைவிடக் குறைவு. நிலமோ தலைகீழ்: எண்பது சதவீதத்துக்கு மேல் ஃபிஜியர்களின் குலக் குழுக்களுக்குச் சொந்தம். அந்தக் குழுவுக்கு மத்தங்காலி என்று பெயர். அந்த நிலத்தை விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். கரும்பு போடுகிறவன் இந்தியன், நிலம் மத்தங்காலிக்கு, ஆலை ஆஸ்திரேலிய சி.எஸ்.ஆர். கம்பெனிக்கு. இந்த மூன்று பேருக்கு நடுவில்தான் அந்த நாட்டு அரசியல் முழுக்க நடந்தது. மற்றதெல்லாம் இதற்கு மேல் போட்ட சட்டை.

ஓட்டு விஷயத்தில் இந்தியர்களின் கோரிக்கை ஒரே ஒரு சொல்: பொதுப் பட்டியல். இனம் பார்க்காமல் எல்லோரும் ஒரே வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். 1929இல் முதன்முதலாக மூன்று இந்தியர்களைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது, அவர்கள் உள்ளே போய்க் கேட்ட முதல் காரியம் இதுதான். தோற்றது, வெளிநடப்புச் செய்தார்கள். 1960களில் அதே கோரிக்கையை எடுத்து நின்றவர் ஏ.டி. படேல். குஜராத்தி, வழக்கறிஞர், கரும்பு விவசாயிகளின் தலைவர். 1960 கரும்பு வேலைநிறுத்தத்தின் சூட்டில் பிறந்த ஃபெடரேஷன் கட்சிதான் பிறகு தேசிய ஃபெடரேஷன் கட்சி ஆனது. எதிர்ப்பக்கம் ராட்டு கமிசெசே மாரா. லாவ் தீவுக்கூட்டத்தின் பெரிய தலைமைக் குடும்பம், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு, ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய அலையன்ஸ் கட்சி பெயருக்கேற்ற மாதிரி மூன்று சங்கங்களின் கூட்டு: ஃபிஜியர்களுக்கு ஒன்று, இந்தியர்களுக்கு ஒன்று, ஐரோப்பியர் முதலான மற்றவர்களுக்கு ஒன்று.

ஃபிஜியர்கள் பொதுப் பட்டியலைக் கண்டு பயந்தார்கள். தலையை எண்ணினால் நிலம் போய்விடும் என்ற பயம். இதை வெறும் இனவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தன் நாட்டிலேயே சிறுபான்மையாகிப்போன ஒரு கூட்டம், கையில் நிலம் ஒன்றைத் தவிர வேறு பிடி இல்லாதபோது எப்படி யோசிக்குமோ அப்படித்தான் யோசித்தது. சாதாரண ஃபிஜியன் ஓட்டுப் போட ஆரம்பித்ததே 1963இல்தான், அதுவரை அவர்களுடைய உறுப்பினர்களைத் தலைவர்களின் பேரவை பொறுக்கி அனுப்பியது. பெண்களுக்கும் அதே 1963.

படேல் 1969 அக்டோபர் 1ஆம் தேதி இறந்துபோனார், சுதந்திரத்துக்கு ஒரு வருடம் முன்பு. சாகும் முன் கரும்பு விவசாயிகளுக்காக பிரிட்டிஷ் நீதிபதி டென்னிங் பிரபுவிடம் வாதாடினார். விற்பனை வருமானத்தில் 65 சதவீதம் விவசாயிக்கு என்று தீர்ப்பு வந்தபோது அவர் இல்லை. இனி நமக்குக் கட்டுப்படியாகாது என்று சி.எஸ்.ஆர். மூட்டை கட்டியது. தாத்தாவின் அப்பாவுக்கு இது கண்ணால் பார்த்த வெற்றி. அவர் வீட்டில் படேலின் படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததாம்.

படேலுக்குப் பின் கட்சித் தலைமைக்கு வந்தவர் சித்திக் கோயா. இவரும் வழக்கறிஞர். கோயாவும் மாராவும் பேசி முடித்த ஒப்பந்தம்தான் ஃபிஜியின் சுதந்திரம். பேச்சு சுமுகமாகப் போனது. சண்டை இல்லை, ரத்தம் இல்லை, ஊர்வலம்கூட இல்லை. 1970 ஏப்ரல், மே மாதங்களில் லண்டன் மாநாட்டில் முத்திரை குத்தினார்கள். முதலில் தேர்தல் வேண்டாம், சுதந்திரம் வாங்கிவிடுவோம், தேர்தலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பொதுப் பட்டியல் என்ற நாற்பது வருடக் கோரிக்கையைக் கோயா பரணில் ஏற்றினார். பதிலுக்குக் கிடைத்தது ஒரு வாக்குறுதி: இப்போதைக்கு ஒரு இடைக்கால ஏற்பாட்டில் முதல் தேர்தலை நடத்துவோம், அப்புறம் ஒரு அரச ஆணையம் போட்டு நிரந்தர முறையைத் தீர்மானிப்போம்.

அந்த இடைக்கால ஏற்பாடுதான் நாலு சீட்டு.

அடுத்த ஞாயிறு நான் நன்றாகப் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். தாத்தா சீட்டுக்கட்டைக் குலைத்து நாலு கார்டை மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். முதல் கார்டைத் திருப்பினார். “இது என் ஜாதிக்காரனுக்கு.” ஜாதி என்று அவர் சொல்வது இனத்தை. இந்தியர் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் சேர்ந்து ஒரு இந்தியரைத் தேர்ந்தெடுக்கும் இனவாரித் தொகுதி. இரண்டாவது கார்டு. “இதுவும் இந்தியனுக்கு. ஆனா இவனுக்கு எல்லாரும் போடுவாங்க.” மூன்றாவது, “காய்விட்டிக்கு.” ஃபிஜியர்களை இந்தியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான்காவது கார்டைத் திருப்பாமல் விரலால் தட்டினார். “இது வெள்ளைக்காரனுக்கு. இல்லேன்னா சீனாக்காரன், கலப்பு, யாராவது.”

அதாவது ஒவ்வொரு வாக்காளனும் தன் இனத்தவர் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதியில் ஒரு ஓட்டு, பிறகு எல்லா இனமும் சேர்ந்து ஓட்டுப் போடும் தேசியத் தொகுதிகளில் மூன்று ஓட்டு. அந்த மூன்றில் ஒன்று ஃபிஜியருக்கு, ஒன்று இந்தியருக்கு, ஒன்று ‘பொது வாக்காளர்’ என்று பெயரிடப்பட்ட மிச்சப் பேருக்கு. 1966 தேர்தலிலேயே சிறிய அளவில் வந்த முறை இது. 1972இல் பெரிதாக்கினார்கள். மொத்தம் 52 இடம். ஃபிஜியர் 22, இந்தியர் 22, பொது 8. ஃபிஜியரின் 22இல் 12 இனவாரி, 10 தேசியம், இந்தியருக்கும் அப்படியே. பொதுவுக்கு 3 இனவாரி, 5 தேசியம். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்கூட இல்லாத பொது வாக்காளர்களுக்கு எட்டு இடம் என்பதைக் கவனியுங்கள். கதையின் சாவி அங்கே கிடக்கிறது. அந்த எட்டுப் பேர் யார் பக்கம் சாய்வார்களோ அவர்களுக்கே ஆட்சி, அவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

படிக்கும்போது எனக்கு இந்த முறை மேல் ஒரு மோகமே வந்துவிட்டது, மறைப்பானேன். ஒரு இந்திய விவசாயி சட்டப்படி ஒரு ஃபிஜியருக்கும் ஓட்டுப் போடுகிறான், ஒரு ஃபிஜிய மீனவன் ஒரு இந்தியருக்கும் போடுகிறான், ஜெயிக்க வேண்டுமானால் அடுத்த இனத்தான் வீட்டு வாசலில் போய் நின்றே ஆக வேண்டும். காகிதத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது!

“நின்றார்களா?” என்று தாத்தாவிடம் கேட்டேன்.

“நிக்காம? ராத்திரி ஆனா வருவாங்க.” கரும்பு வெட்டாத மாதங்கள் அவை, எல்லோருக்கும் நேரம் இருந்தது. பிரசாரம் என்றால் மேடை, மைக் எல்லாம் டவுனில்தான். கிராமத்தில் யங்கோனாதான். இந்தியர்கள் அதை கிராக் என்பார்கள். வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்த சேற்று நிறப் பானம், நாக்கு மரத்துப்போகும். பாத்திரத்தைச் சுற்றி எல்லோரும் பாயில் உட்கார, தேங்காய்ச் சிரட்டை கை மாறும். வாங்கும் முன் ஒரு தட்டு தட்ட வேண்டும், குடித்த பின் மூன்று. அவர் அப்பா வீட்டு வராந்தாவில் ஒரு ராத்திரி ஃபெடரேஷன் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்களாம், கூடவே அந்தக் கட்சி நிறுத்திய ஃபிஜிய வேட்பாளருக்காக ஒரு ஃபிஜியரும். அந்த ஃபிஜியர் இந்தியில் பேசினார், அதுவும் நல்ல இந்தியில். எல்லோரும் சிரித்து ரசித்தார்கள். அவர் எழுந்து போனதும் அப்பா மெதுவாகச் சொன்னாராம்: “நல்லவன்தான். ஆனா நம்ம நெலத்துக்காரன் இவனுக்கு ஓட்டுப் போட மாட்டானே.”

இந்த ஒற்றை வரியில் இருப்பதை நான் புள்ளிவிவரங்களில் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். ஃபெடரேஷன் கட்சிக்கு இனவாரித் தொகுதிகளில் கிடைத்த ஃபிஜியர் ஓட்டு நூற்றுக்கு இரண்டரைக்குள். அவர்கள் நிறுத்திய ஃபிஜியர் இந்தியர்களின் ஓட்டில் ஜெயிக்கலாம், தன் சொந்த ஜனங்களிடம் தோற்றுக்கொண்டே. அலையன்ஸின் இந்தியருக்கும் இதே கதைதான், ஃபிஜியர் ஓட்டில் எம்.பி. ஆகலாம். தெருவைக் கடந்து போய் ஓட்டுக் கேட்கவே தேவையில்லை. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து தன் சீட்டில் நிறுத்தினால் போதும். ஓட்டுகள் இனம் தாண்டின, நம்பிக்கை தாண்டவில்லை.

சரி, தாத்தா யாருக்குப் போட்டார்?

ஏப்ரல் 15 முதல் 29 வரை வாக்குப்பதிவு. முன்னூறுக்கு மேல் தீவுகள் உள்ள நாட்டில் ஒரே நாளில் பெட்டியைக் கொண்டு சேர்க்க முடியாது. அப்பாவும் மகனும் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு, கரும்பு ரயில் பாதையோரமாகவே நடந்து போனார்கள். வழியில் அப்பா உத்தரவு: நாலும் ஃபெடரேஷனுக்கே. “சரின்னு தலையை ஆட்டினேன். உள்ள போயி முதல் ரெண்டை அப்படியே போட்டேன்.” மூன்றாவதில், காய்விட்டி சீட்டில், கை நின்றுவிட்டது. அலையன்ஸ் நிறுத்தியிருந்தவரை அவர்கள் குத்தகை எடுத்திருந்த மத்தங்காலி ஆட்களுக்குப் பிடிக்கும். குத்தகையைப் புதுப்பிக்க இன்னும் சில வருடம்தான் பாக்கி. ரகசிய வாக்கெடுப்புதான், யாரும் பார்க்கப் போவதில்லை, இருந்தாலும் அவருக்குப் போட்டுவிட்டார். “நாளைக்கு அவன் மூஞ்சியைப் பார்த்துப் பேசணும் இல்லியா?” ஐம்பது வருடம் கழித்தும் இதைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், உள்ளே ஆஜி காது கொடுத்துக்கொண்டிருப்பது மாதிரி. ஆஜி என்றால் பாட்டி. அவர் தேசிய ஃபெடரேஷன் குடும்பம், இன்றுவரைக்கும்.

நான்காவது? “ஞாபகம் இல்ல பேட்டா. வெள்ளைக்காரன்ல யாரைத் தெரியும் எனக்கு? மேல இருந்தவனுக்குப் போட்டிருப்பேன்.”

முடிவு: அலையன்ஸ் 33, ஃபெடரேஷன் 19. பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். இந்தியர் இனவாரி 12 இடத்தையும் ஃபெடரேஷன் அள்ளியது. ஃபிஜியர் இனவாரி 12, பொது இனவாரி 3, அத்தனையும் அலையன்ஸுக்கு. மிச்சம் 25 தேசிய இடங்கள், அதில் அலையன்ஸ் 18, ஃபெடரேஷன் 7. மாரா பிரதமர், கோயா எதிர்க்கட்சித் தலைவர். கலவரம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, தோற்றவர் ஜெயித்தவருக்குக் கைகொடுத்தார். அந்தக் காலத்தில் சுதந்திரம் வாங்கிய எத்தனையோ நாடுகளில் முதல் தேர்தலோடு துப்பாக்கி வெளியே வந்திருந்ததால், உலகமே ஃபிஜியைப் பார்த்துத் தலையாட்டியது. ‘பசிபிக் வழி’ என்று மாரா ஐ.நா.வில் பேசியது இதற்கு அத்தாட்சி மாதிரி ஆனது.

அந்தத் தேர்தலில் என்னை யோசிக்க வைக்கும் எண் வேறு. இந்தியர் இனவாரித் தொகுதிகளில் கிட்டத்தட்ட கால்வாசி ஓட்டு அலையன்ஸுக்கு விழுந்தது. வணிகர்கள், முஸ்லிம்களில் ஒரு பகுதி, மாராவை நம்பிய சிலர். நாலில் ஒரு இந்தியன் மாராவை நம்பினான். அதற்குப் பலனாக ஒரு இடம்கூட வரவில்லை, பன்னிரண்டுக்குப் பூஜ்யம். கட்சிக்குள்ளேயும் அந்தக் கால்வாசியை யாரும் மதித்துப் போற்றியதாகத் தெரியவில்லை. அந்த அளவு இந்தியர் ஓட்டு அலையன்ஸுக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை. அதன் இந்தியப் பிரிவின் முகமாக இருந்த விஜய் ஆர். சிங்கே பின்னாளில் கட்சியை விட்டு வெளியேறினார். ஃபிஜியில் வேறு மாதிரி ஒரு அரசியல் வந்திருக்கலாம் என்றால் அந்தக் கால்வாசியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

வாக்குறுதி கொடுத்த ஆணையமா? போட்டார்கள். ஹாரி ஸ்ட்ரீட் என்ற பேராசிரியர் தலைமையில், 1975இல். இனவாரி இடங்கள் இருக்கட்டும், தேசிய இடங்களிலாவது இன ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு எல்லோரும் பொதுப் பட்டியலில் நிற்கட்டும், விகிதாச்சார முறையில் எண்ணுங்கள் என்றது. நியாயமான யோசனை என்றுதான் எனக்குப் படுகிறது. மாரா எடுத்து அலமாரியில் வைத்தார். இடைக்கால முறையில் 33 இடம் ஜெயித்தவர் எதற்காக நிரந்தர முறையைத் தேடப் போகிறார்? கோயா எழுதி வாங்கியது ஆணையம் போடுவதற்கு மட்டும், அது சொல்வதை நிறைவேற்றுவதற்கு அல்ல. ஒரு வழக்கறிஞர் எப்படி இதைக் கோட்டை விட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாடு கிடைக்கிற சந்தோஷத்தில் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியைப் படிக்காமல் விட்டாரோ என்னவோ.

1972இல் அலையன்ஸ் சீட்டில் ஜெயித்துப் போன சாகேயாசி புட்டாண்ட்ரோகா, 1975இல் அதே அவையில் எழுந்து இந்தியர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது, ஆனால் 1977 மார்ச்–ஏப்ரல் தேர்தலில் அவர் தனியாகத் தொடங்கிய கட்சி ஃபிஜியர் ஓட்டைப் பிளந்தது. ஃபெடரேஷன் 26, அலையன்ஸ் 24. ஆக, முதன்முதலாக எண்ணிக்கை மாறியது. யார் பிரதமர் என்று ஃபெடரேஷன்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த நாலு நாளில், கவர்னர் ஜெனரல் மாராவையே மறுபடி நியமித்தார். அந்தக் கவர்னர் ஜெனரல் ராட்டு ஜார்ஜ் தாக்கொம்பாவ். 1874இல் தீவுகளைப் பிரிட்டனுக்கு எழுதிக்கொடுத்த தாக்கொம்பாவின் கொள்ளுப்பேரன். மாராவின் சிறுபான்மை அரசு கவிழ்ந்து, அதே செப்டம்பரில் மறுதேர்தல். ஃபெடரேஷன் அதற்குள் இரண்டாக உடைந்து ஒன்று புறாச் சின்னத்திலும் ஒன்று பூச் சின்னத்திலும் நின்றது. தாத்தா புறா, அவர் அப்பா பூ. ஆறு மாதம் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

1987 ஏப்ரலில் எண்ணிக்கை இரண்டாவது தடவை மாறியது, இந்த முறை தெளிவாக. ஃபெடரேஷனும் தொழிற்கட்சியும் சேர்ந்து 28, பிரதமர் டாக்டர் திமோசி பவாண்ட்ரா, அவரும் மண்ணின் மைந்தர்தான். ஒரு மாதம் நீடித்தது. மே 14 காலை லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரம்புகாவின் ஆட்கள் முகமூடியோடு அவைக்குள் நுழைந்தார்கள். கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் லியோனிடாஸ் ஃபிஜியை அடைந்தது 1879 மே 14. அன்றோடு 108 வருடம். யாரும் தேதி பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள், ஆனால் தாத்தாவின் தலைமுறையில் ஒருவரும் அதை வெறும் தற்செயல் என்று ஒத்துக்கொள்வதில்லை. 1988இல் அவரும் ஆஜியும் இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்துவிட்டார்கள். பா நிலத்தைத் தம்பி பார்த்துக்கொண்டார். பிறகு குத்தகை முடிந்தது, புதுப்பிக்கவில்லை. மூன்றாவது சீட்டு அதற்கு உதவவில்லை.

“வருத்தமா?” என்று கேட்டதற்கு, கார்டுகளைக் கலைத்து ஒன்றாக்கியபடி, “நெலம் அவங்களோடதுதானே” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து அந்தத் தமிழ் வசவைச் சொன்னார். யாரை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

2013 அரசியல் சட்டத்தோடு இனப் பட்டியல் ஒரேயடியாகப் போனது. 1929இல் கேட்டது கிடைத்தேவிட்டது, ஆனால் கொடுத்தது 2006இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி. 2014 தேர்தலில் நாடு முழுக்க ஒரே தொகுதி, 50 இடம், 248 வேட்பாளர், ஆளுக்கு ஒரே ஒரு சீட்டு. அதில் பெயர் கிடையாது, கட்சி கிடையாது, சின்னம் கிடையாது. கட்டம் கட்டமாக எண்கள் மட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்பதால் தாத்தாவுக்கும் ஒன்று வந்திருக்கிறது. சமையலறை மேசையில் விரித்து வைத்து, ஆஜி எண்ணைப் படிக்க, இவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறார்.

“லாட்டரி டிக்கெட் மாதிரி இருந்துச்சு” என்றார். ஆஜி உள்ளேயிருந்து, “நான் சொன்ன நம்பரைத்தான் வட்டம் போட்டியா?” என்று கேட்டார். தாத்தா கார்டு போட ஆரம்பித்துவிட்டார்.